சிவப்புக் காருக்குப் பத்துப் பொருத்தம்

எனக்குக் கல்யாணம் ஆனபோது யாரும் பொருத்தம் பார்க்கவில்லை. நானும் சந்திரகலாவும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம், கையெழுத்துப் போட்டோம், எதிரே இருந்த கடையில் நுரைக்க ஆற்றிய டீ, ஆளுக்கொரு தே தாரிக் குடித்தோம். அதற்கெல்லாம் சேர்த்து வைத்து என் காருக்குப் பொருத்தம் பார்த்தார்கள்.

இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது அந்த வருடத்தில் எங்கேயோ கழன்று போய்விட்டது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஜெயராஜ், போர்ட் கிள்ளானில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குவதை எண்ணிக் குறிப்பது என் வேலை. ஷிப்ட் முறை. சந்திரகலா கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ், அவளுக்கும் ஷிப்ட். நான் போர்ட்டில் மூன்று ஆண்களோடு ஓர் அறையில் கிடந்தேன். அவள் எங்கள் மகள் தர்ஷினியோடு பிரிக்பீல்ட்ஸ் நூறு குவாட்டர்ஸில் அம்மா வீட்டில் இருந்தாள். அந்தக் குவாட்டர்ஸ் ரயில்வேயில் இருக்கும் மைத்துனன் பாலனுடையது. அதில் என் மாமியார் இராஜம்மா, பாலன், பாலன் மனைவி, அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் ஏற்கெனவே நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். எனக்குப் படுக்க இடமில்லை. சனிக்கிழமை போவேன், ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாரோடும் டிவி பார்ப்பேன், கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வருவேன். என் மகள் கதவுக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த வீரம்மா அக்காவுக்கு, வாடகைக்கு விட ஒரு சின்ன வீடு இருந்தது. இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட இடம். ஆனால் பஸ் போகாத இடம். கார் இருந்தால் சந்திரகலாவை ஷிப்டுக்கு விட்டுவிட்டு நான் போர்ட்டுக்குப் போகலாம். கார் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. "தைப்பூசம் வரைக்கும் உனக்காகப் பூட்டி வைக்கிறேன்பா. காரோட வா, சாவியோட போ" என்று அக்கா சொன்னார்.

காரும் இருந்தது. ஜாலான் மேருவில் சீன முதலாளி, தவுக்கே லியோங்கின் பழைய கார் கொட்டகையில், சிவப்பு நிறத்தில், நான்கு கதவு, பின்னால் ஒரு சின்ன இறக்கை. ஜப்பான் டீசல். தவுக்கே எஸ்டேட் பக்கம் பிறந்து வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

"டர்போ டீசல், பாஸ். பார்த்தா குடும்பக் கார், மிதிச்சா பறக்கும்லா. டீசலுக்கு ரோட் டாக்ஸ் அதிகமா வரும், நான் மறைக்க மாட்டேன். ஆனா நீ தினம் ஓடுற ஆளு. எண்ணெயில புடிச்சிரலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரகலாவை அழைத்துப்போய் ஃபெடரல் ஹைவேயில் ஓட்டிக் காட்டினேன். முதலில் இருமல்காரன் மாதிரி கடகடவென்றது. பிறகு மிதித்தேன், சீட்டோடு முதுகு ஒட்டிக்கொண்டது. சந்திரகலா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

"இதே இருக்கட்டும்ங்க" என்றாள். "கொஞ்சம் வேகமாப் போற காராவே இருக்கட்டும். நமக்குக் கெடைக்கிறதே கொஞ்ச நேரம்."

அன்றைக்கே வாங்கியிருக்கலாம். முன்பணத்துக்குப் பையில் கைகூட விட்டேன். ஆனால் பிள்ளை மாமியார் கையில் இருந்தது. கிள்ளானுக்குப் பிள்ளையை அனுப்ப அவர் சம்மதிக்க வேண்டும். மாமியார் சொன்னது இதுதான்:

"இவ அப்பா யாரையும் கேக்காம ஒரு கார் வாங்குனாரு. கதவைத் தொறந்தா கதவு கையோட வந்துச்சு. கல்யாணத்தைத்தான் கேக்காம பண்ணிட்டீங்க தம்பி. காரையாவது நாலு பேரக் கேட்டுப் பண்ணுங்க. கழகத்துல முத்திரை வாங்கிட்டு வாங்க, பிள்ளைய நானே தூக்கி உள்ள வைக்கிறேன்."

கவனித்தீர்களா, தம்பி. கல்யாணமாகி அத்தனை வருடம் ஆகியும் அவர் வாயில் ஒரு தடவைகூட மாப்பிள்ளை என்று வரவில்லை. இந்த ஒரு காரியத்திலாவது அவர் மனசு குளிரட்டுமே என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் ஆரம்பித்தது.

கழகத்தின் முழுப்பெயர் கிள்ளான் பள்ளத்தாக்குப் பழைய கார் வாங்குவோர் நலக் கழகம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அது முதலில் திருமணப் பொருத்த மன்றமாக இருந்ததாம். எழுபதுகளின் கடைசியில் பையன்களும் பெண்களும் எங்களை மாதிரி தாங்களாகவே பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் மன்றத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. பதவிகள் இருந்தன, நாற்காலிகள் இருந்தன, வேலைதான் இல்லை. பழைய கார் வாங்கி ஏமாறுகிறவர்களுக்கு வழிகாட்டலாம் என்று கூடிப் பேசி முடிவு செய்தார்கள். விதிமுறைப் புத்தகத்தைப் புதிதாக எழுத யாருக்கும் நேரமில்லை. 'மணமகள்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'கார்' என்று சீட்டு ஒட்டினார்கள். அவ்வளவுதான், கழகம் தயார்.

தலைவர் சோலையப்பன் என்னை நிற்க வைத்தே வரவேற்புரை ஆற்றினார். எதிரே இருந்தது நான் ஒருவன். அவர் "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கினார்.

"தனிமனிதன் கார் வாங்கினால் அது கொள்முதல். கழகம் வாங்கிக் கொடுத்தால் அது பண்பாடு! இந்தக் கழகம் பார்த்துக் கொடுத்த கார் ஒன்றாவது விபத்தில் சிக்கியதுண்டா? ஒன்றாவது நடுரோட்டில் நின்றதுண்டா? சவால் விடுகிறேன்!"

எனக்கு நேராகச் சவால் விட்டதால் நான் "இல்லைங்க" என்றேன். செயலாளர் இராமசுப்பிரமணியன் அதைக் குறித்துக்கொண்டார்.

"அப்ப எப்ப கார் பார்க்க வரீங்க?" என்று கேட்டேன்.

"இப்ப ஆடி" என்றார் செயலாளர். "ஆடியில நாங்க கார் பார்க்கிறதில்லை."

ஆவணியில் வந்தார்கள். ஒரு வேன் நிறைய வந்தார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் குமரப்பன், தொழில்நுட்ப ஆலோசகர் தம்புசாமி, மகளிர் பிரிவுத் தலைவி அழகம்மை. தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம். தவுக்கே லியோங் கொட்டகை வாசலில் நின்று தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னா பாஸ், யாருக்குக் கல்யாணம்?"

"வணக்கம் சம்பந்தி" என்று தலைவர் அவரைக் கட்டிப்பிடித்தார்.

எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சம்பிரதாயப்படி பஜ்ஜியும் கேசரியும் வர வேண்டும். தவுக்கே ஆளை அனுப்பி, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும் ஆரஞ்சுப் பழமும் வரவழைத்தார். கார் துணியால் மூடி நின்றது. அழகம்மை சைகை காட்டிய பிறகுதான் துணியை எடுக்க விட்டார்கள்.

"செவப்பு" என்றார் அழகம்மை. அந்த ஒரு சொல்லை வெற்றிலையோடு சேர்த்து நன்றாக மென்றார். "பின்னால என்னது அது, முந்தானையத் தூக்கிச் சொருகுன மாதிரி?"

"அது காத்துக்கு, ஆன்ட்டி. வேகமாப் போறப்ப கார் தூக்காம இருக்கும்" என்றார் தவுக்கே.

"அப்ப வேகமாப் போற பழக்கம் இருக்கு. குடும்பத்துக்கு அடக்கமா வேணும்லா."

"முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு?" என்று பொருளாளர் குமரப்பன் கேட்டார்.

"ஜப்பான்ல ஒரு ஆளு, ஷா ஆலாம்ல ஒரு டாக்டரு, அப்புறம் காஜாங்ல ஒரு வாத்தியாரு."

கறிபாப் கடித்துக்கொண்டிருந்த எல்லா வாயும் நின்றது. அழகம்மை குரலைத் தாழ்த்தினார். "மூணு எடத்துல வாழ்ந்துட்டு வந்துருக்கு. ஏன் விட்டாங்கன்னு விசாரிக்க வேணாமா?"

"பழைய கார்தானேங்க" என்றேன் நான். "முன்னாடி யார்கிட்டயாச்சும் இருந்திருக்கத்தானே செய்யும்?"

"தம்பி, பையன் பேசக்கூடாது" என்றார் செயலாளர்.

பிறகு தலைவர், காரின் குரலைக் கேட்கலாமா என்றார். தவுக்கே ஹாரனை அமுக்கினார். தம்புசாமி கண்ணை மூடித் தலையாட்டினார். நடந்து காட்டச் சொன்னார்கள். தவுக்கே பத்தடி முன்னால் ஓட்டி, பத்தடி பின்னால் வந்தார். டீசல் எஞ்சின் கடகடத்தது. "வாய் கொஞ்சம் அதிகம்" என்று அழகம்மை சொன்னதைச் செயலாளர் எழுதிக்கொண்டார்.

தொழில்நுட்பப் பரிசோதனைக்குத் தம்புசாமி எழுந்தார். அவர் அந்தக் காலத்து நீராவி ரயிலில் ஃபயர்மேன். அந்தத் தகுதியில்தான் ஆலோசகர். பானெட்டைத் திறந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"கரி எங்க போடுறது?"

"இது டீசல், அங்கிள்" என்றார் தவுக்கே.

"தண்ணியாச்சும் குடிக்குமா?"

"இந்தா, ரேடியேட்டர்ல ஊத்துவோம்."

"ஆங்! அப்படிச் சொல்லு. தண்ணி குடிக்கிற எஞ்சின்னா நமக்குத் தெரியாததா?" என்று நிமிர்ந்தார். பரிசோதனை முடிந்தது.

எல்லாரும் கைகழுவி எழுந்தார்கள். "வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்லி அனுப்புறோம் சம்பந்தி" என்றார் தலைவர். எனக்கும் ஒரு வீடு வேண்டும் என்றுதான் இத்தனையும் என்று சொல்ல வாயெடுத்தேன். பையன் பேசக்கூடாது என்பது ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை ஹாலில் எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது சந்திரகலாவிடம் மெல்லச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அழகம்மை ஆன்ட்டி வந்தாங்களா?" என்றாள். "என்னைப் பார்க்கவும் வந்தாங்க, உங்களுக்கு முன்னாடி, யாரோ ஒருத்தருக்காக. பல்லு கொஞ்சம் தூக்கல்னு சொல்லிட்டுப் போனாங்க. ரொம்ப நாளு வாயை மூடிக்கிட்டேதான் சிரிச்சேன்."

விளம்பரம் வந்தது, இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

முதலில் பார்த்த இடத்தையே முடிக்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஆகவே செந்தூலில் ஒரு வெள்ளைக் கார், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சாம்பல் நிறக் கார் என்று வேன் ஊர் ஊராகப் போயிற்று. வெள்ளைக் கார் நல்ல குடும்பம், ஆனால் பெட்ரோல். சாம்பல் நிறக் காரில் எல்லாம் இருந்தது, எஞ்சின் மட்டும் வேறு எங்கோ பழுதுபார்க்கப் போயிருந்தது. "அது ஒரு குறையே இல்லை" என்று தலைவர் அதை வெகுவாகப் பாராட்டினார். புரட்டாசியில் பார்ப்பதில்லை. ஐப்பசியில் தீபாவளி, செயற்குழுவுக்கு ஓய்வு. தவுக்கே போனில் கூப்பிட்டு, "பாஸ், ரெண்டு பேரு கேட்டுட்டாங்க. நான் குடுக்கல. நீ எப்ப வர?" என்றார். எனக்கே தெரியாததை அவருக்கு நான் எப்படிச் சொல்வது?

ஒரு நாள் கூட்டம் முடிந்து மினி பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் பார்த்தால் தலைவர் சோலையப்பன் நிற்கிறார். தோளில் அன்றைக்குப் போர்த்திய பொன்னாடை அப்படியே இருந்தது.

"கார் வரலீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏது கார்?" என்றார். மேடை இல்லாதபோது அவர் குரல் சின்னதாக இருந்தது. "எழுபத்தொன்பதுல நான்தான் மொத மனு போட்டேன். ஒரு வெள்ளைக் கார் வந்துச்சு தம்பி. என்னா அழகு! செவ்வாய் தோஷம்னு சொல்லிட்டாங்க. நானே தலைவர், நானே விதிய மீறலாமா?"

"அப்ப கழகம் மூலமா யாருதான் வாங்கியிருக்காங்க?"

அவர் ரோட்டைப் பார்த்தார். பிறகு, "அதான் சொல்றேன்ல, ஒரு விபத்துகூட இல்ல" என்றார். மினி பஸ் வந்தது. கூட்டத்தில் அவர் பொன்னாடை கதவில் மாட்டிக்கொண்டது, நான்தான் எடுத்துவிட்டேன். அவரைத் திட்ட வேண்டும் என்று அதற்கு முன்னால் பல நாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு அதுவும் முடியவில்லை.

கார்த்திகையில் ஜாதகம். காரின் பிறந்த நேரம் வேண்டும் என்று செயலாளர் கேட்டார்.

"ஜப்பான்ல பொறந்ததுங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"வெளிநாட்டு நேரம் நமக்குச் செல்லாது. இந்த மண்ணுல கால் வெச்ச நேரம்தான் கணக்கு. நீங்கதானே போர்ட்ல கப்பல்ல எறங்குறதை எண்ணுறீங்க? எப்ப எறங்குச்சு?"

கப்பலிலிருந்து கார்கள் வரிசையாக இறங்கும். நான் கோடு போடுவேன். எந்தக் கோடு எந்தக் கார் என்று கடவுளுக்கே தெரியாது. ஆனால் ஐந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மத்தியானம்" என்றேன். "சாப்பாட்டு நேரம்."

"பலே!" என்றார் செயலாளர். "சாப்பாட்டு நேரத்துல எறங்குனது. இருக்குற வீட்டுல சோத்துக்குப் பஞ்சம் வராது."

குடும்பக் கார் என்பதால் சந்திரகலாவின் ஜாதகமும் கேட்டார்கள். மாமியார் அதை மஞ்சள் தடவி ஆர்வமாகக் கொடுத்தனுப்பினார். மார்கழியில் எதுவும் பேசுவதில்லை. தை பிறந்ததும் என்னையும் மாமியாரையும் கூப்பிட்டு முடிவை அறிவித்தார்கள்.

"உங்களுக்கும் காருக்கும் பத்துல ஒன்பது பொருத்தம்" என்றார் செயலாளர். கண் கலங்கியிருந்தது. "என் அனுபவத்துல இப்படிப் பார்த்ததில்லை. ஆனா உங்களுக்கும் உங்க மனைவிக்கும் மூணுதான்."

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்பதைச் சிலர் பேசாமலே சொல்வார்கள்.

தலைவர் எழுந்தார். "கழகம் யாருடைய குடும்ப விவகாரத்திலும் தலையிடாது. அது எங்கள் கொள்கை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு நல்ல கார், பொருந்தாத தம்பதிக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டு அல்லல்படுவதைப் பார்த்துக்கொண்டு கழகம் சும்மா இருக்காது! காருக்கு வாயில்லை, கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம்!"

"இதுக்குப் பரிகாரம் ஏதாச்சும்?" என்று கேட்டேன்.

"இருக்கு. கணவன் மனைவி கொஞ்ச காலம் பிரிஞ்சு இருக்கணும்."

"பிரிஞ்சுதாங்க இருக்கோம். சேர்றதுக்குத்தான் கார் கேக்குறோம்."

செயலாளர் முகம் மலர்ந்தது. "அப்படியா! அப்பப் பரிகாரம் ஏற்கெனவே நடந்துக்கிட்டிருக்கு. ரொம்ப நல்லதாப் போச்சு. தைப்பூசம் கழியட்டும், அதுவரைக்கும் இதையே தொடருங்க."

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போனேன். கூட்டத்தில் நின்று முருகனிடம் என்ன கேட்பது என்று யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. பூசம் கழிந்த மறு வாரம் கிள்ளானுக்குப் போனேன். வீரம்மா அக்கா வீட்டுப் பின்பக்கம் யாரோ ஒரு குடும்பத்தின் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சின்ன பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை, ஒரு சேலை, ஓர் ஆணின் லுங்கி.

"எத்தனை நாள்பா பூட்டி வெச்சிருப்பேன்?" என்றார் அக்கா. அவருக்கும் சங்கடம்தான். "பூசத்துக்கு அப்புறம்னா என்னால முடியாதுன்னு சொன்னேன்ல. வாடகைக்கு விட்டுட்டேன். நல்ல குடும்பம். ரெண்டு பேரும் ஒண்ணாதான் இருக்காங்க."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ்ஸில் என்னை அறியாமல் எதிரே வரும் கார்களை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். தொழில் பழக்கம்.

அதற்கடுத்த வாரம் கழகம் காருக்கு முத்திரை குத்தியது.

"வீடே இல்ல, இப்ப கார் எதுக்குங்க?" என்று சந்திரகலா கேட்டாள். ஆனால் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். தவுக்கேயும் பாவம், அத்தனை மாதம் காத்திருந்தவர். டேங்க் நிறைய டீசல் ஊற்றி, சாவியை என் கையில் வைத்து, "பாஸ், நல்லா இரு. டீசல் மட்டும்தான், மறந்துராத" என்றார். நான் மறக்கவில்லை. நானே கிள்ளானிலிருந்து நூறு குவாட்டர்ஸ் வரை ஓட்டி வந்தேன். அந்த ஒரு பயணம் நன்றாக இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பத்திரிகையிலிருந்து புகைப்படக்காரர் வந்திருந்தார். செயலாளர் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார், பொருளாளர் செயலாளருக்குப் போர்த்தினார், ஆலோசகர் பொருளாளருக்குப் போர்த்தினார். காரின் பானெட் மேல் ஒன்று போர்த்தினார்கள். எனக்கு ஒன்று குறைந்தது. பொருளாளருடையதை வாங்கி என் தோளில் போட்டு, படம் எடுத்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

"பெரியோர்களே, தாய்மார்களே!" என்றார் தலைவர். "இன்று ஒரு கார் தன் வீட்டுக்கு வந்திருக்கிறது. இது கழகத்தின் சாதனை! இந்தத் தம்பதி பொருந்தாவிட்டாலும் இந்தக் கார் அவர்களைப் பொறுத்துப் போகும் என்று நம்புகிறோம்!" எல்லாரும் கை தட்டினார்கள். சந்திரகலாவும் தட்டினாள். என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

அப்போது செயலாளர் விதிமுறைப் புத்தகத்தைப் பிரித்தார். வாசலுக்கு வந்ததும் மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அழகம்மை ஒரு செம்பில் பாலோடு வாழைப்பழத்தைப் பிசைந்து எடுத்துவந்தார்.

"பையனுக்குக் கொஞ்சம் குடுத்துட்டு மீதிய காருக்குக் குடுங்க" என்றார் செயலாளர். "காருக்கு வாய் எங்க?"

எல்லாரும் தொழில்நுட்ப ஆலோசகரைப் பார்த்தார்கள். தம்புசாமி யோசிக்கவே இல்லை. நேராகப் போய் டீசல் மூடியைத் திருகித் திறந்தார்.

"எவ்வளவு தண்ணி ஊத்திருக்கோம் ரயிலுக்கு! பால் குடிச்சா செத்தா போயிரும்?"

நான் பார்த்துவிட்டேன். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். அதே நேரம் பக்கத்தில் நின்ற மாமியார் ஒரு பெரிய கரண்டி பால் பழத்தை என் வாய்க்குள் வைத்தார்.

"சாப்பிடுங்க, மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை. முதல் தடவை. சிரித்த முகமாகச் சொன்னார், கண்ணில் தண்ணீர்கூட நின்றது. வாய் நிறையப் பழத்தோடு நான் அவரைப் பார்த்தபடி நின்றேன். விழுங்கிவிட்டுத் திரும்பியபோது செம்பு காலியாக இருந்தது. தம்புசாமி கடைசிச் சொட்டைத் தட்டி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

என்னை ஓட்டவிடவில்லை. முதல் ஓட்டம் கழகத்தினுடையது என்று தலைவர் முன்னால் ஏறினார், மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். பாலன் ஓட்டினான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் தெருமுனை வரை கம்பீரமாகப் போயிற்று. அங்கே இருமியது, வெள்ளையாகப் புகை விட்டது, நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி வீட்டு வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"பார்த்தீர்களா!" என்றார் தலைவர், மூச்சிரைக்க. "பிறந்த வீட்டை விட்டு வந்த முதல் நாளே புகுந்த வீட்டை விட்டு நகர மறுக்கிறது. இதல்லவா குடும்பக் கார்!" மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பொன்னாடை நன்றாகத் தெரிந்தது.

மெக்கானிக் பாக் மாட் வந்து கழற்றிப் பார்த்தார். விரலில் எதையோ எடுத்து மோந்து பார்த்தார்.

"பிசாங்?" என்றார். மலாயில் வாழைப்பழம்.

"பிசாங்" என்றேன்.

பம்ப் போய்விட்டது, இன்ஜெக்டர்கள் போய்விட்டன, வேறு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். கழகத்துக்குத் தெரியப்படுத்தினேன். காருக்குள் வேறு பாகம் வைப்பது மறுமணம் போன்றது என்பதால், உதிரிப் பாகப் பொருத்தத் துணைக்குழு ஒன்று அமைக்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடி ஆடி வந்துகொண்டிருந்தது. ஆண்டறிக்கையில் எங்கள் கார் இருந்தது. விபத்து இல்லை, போலீஸ் சம்மன் இல்லை, எண்ணெய்ச் செலவு இல்லை.

கார் வாசலிலேயே நின்றது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். ஹாலில் பாலனுடைய கூட்டாளிகள், பிள்ளைகள், சத்தம். எனக்கு நாற்காலிகூட இல்லை. வெளியே வந்து காரைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது? சற்று நேரத்தில் சந்திரகலா வந்து பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். தர்ஷினி பின்னால் ஏறினாள். கதவுகள் சாத்தியதும் வீட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

எங்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, நாங்கள் மூன்று பேர் மட்டும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது உறைத்தது. சந்திரகலாவுக்கும் உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் கை என் கைமேல் இருந்தது.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை நான் வந்ததும் மூன்று பேரும் ஏறிக்கொள்வோம். சந்திரகலா கிண்ணத்தில் சோறு எடுத்து வருவாள். தர்ஷினி பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாள். கதவுக்குப் பின்னால் நிற்கும் பழக்கம் போயிற்று. பின் சீட்டிலிருந்து எட்டி என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை செயலாளர் இராமசுப்பிரமணியன் வந்தார். துணைக்குழு பம்பைப் பார்க்க ஆவணியில் வரும் என்று சொல்ல வந்தாராம். கண்ணாடியைத் தட்டினார். சந்திரகலா கை நீட்டிக் கதவைப் பூட்டினாள். அவர் வெளியே வாயசைத்தார், எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாமியார் வாசலில் நின்று, "மாப்பிள்ளை, பெரிய மனுஷர் நிக்கிறாரு, எறங்குங்க" என்று கூப்பிட்டார். அது கேட்டது. நான் இறங்கவில்லை.

"அப்பா, ஓட்டுங்க" என்றாள் தர்ஷினி.

ஸ்டியரிங்கைப் பிடித்து வாயாலேயே கடகடவென்று சத்தம் போட்டேன். டீசல் சத்தம் எனக்கு நன்றாக வரும்.

"வீடு இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?"

கிள்ளானில் காய்ந்துகொண்டிருந்த துணிகள் ஞாபகம் வந்தன. அன்றைக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஓடாத காரின் கியரை மாற்றினேன்.

சந்திரகலா சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வந்துரும்மா, கிட்டதான்" என்று மகளிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க மெதுவாவே ஓட்டுங்க."